வெறும் வண்டி எடை

ஐந்து முகங்கள் வரைந்திருந்தேன்.
மஞ்சள் வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு.
கோட்டை மட்டும் வளைத்து வளைத்து
அழுகையிலிருந்து சிரிப்புவரை
ஐந்து படி.

கோலா கெட்டிலில், டயர்க் கடைக்கு மேல்மாடி.
கீழே காற்றடிக்கும் பம்பு நின்று நின்று மூச்சுவிடும்.
அரசு கிளினிக்குக்கு
சுங்கைப்பட்டாணியிலிருந்து ஆலோசகர் ரொஸ்னானி
புதன்கிழமை மட்டும் வருவார்.
மற்ற ஆறு நாளுக்கும் ஒரு செயலி வேண்டும் என்றார்.
இன்று எப்படி இருக்கிறீர்கள்?
தொட்டால் போதும்.

சோதித்துப் பார்க்க முதலில் வந்தவர் பூபாலன்.
செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார்.
விரல் திரைக்கு மேலே
கொசு மாதிரி சுற்றியது, உட்காரவில்லை.
"இதுல என் மூஞ்சி இல்லையே" என்றார்.

குறித்துக்கொண்டேன்:
பயனருக்குத் தெரிவுகள் போதவில்லை.

ஏழு ஆக்கினேன். பத்து ஆக்கினேன்.
அவர் கண் வேறெங்கோ இருந்தது.
"ராத்திரி கைப்பேசி மகள் கையிலதான், கேம் விளையாடுவா.
மேல 'மனம்'னு எழுதியிருக்கு.
கேட்டா என்ன சொல்ல?"

'மனம்' போனது.
அந்த இடத்தில் ஒரு மழைமேகம் வைத்தேன்.
பார்ப்பவர்கள் வானிலை என்று நினைக்கட்டும்.
பொய்யும் இல்லை.

தொடர்ந்து ஏழு நாள் பதிந்தால்
திரையில் வெடிக்க ஒரு வாணம் செய்திருந்தேன்.
எட்டாம் நாள் அவர் பதியவில்லை.
"உங்கள் தொடர் அறுந்தது" என்றது
நான் எழுதிய வாக்கியம்.
எழுதும்போது, யாரிடம் சொல்கிறோம் என்று
ஒரு கணமும் யோசிக்கவில்லை.
நீக்கினேன். வாணத்தையும்.

மூன்றாவது புதன்,
மருந்து வாங்க எண் 3047 கையில் வைத்துக்கொண்டு
பூபாலன் மில்லைப் பற்றிப் பேசினார்.
உள்ளே போகும்போது ஓர் எடை.
குலையைக் கொட்டிவிட்டு வெளியே வரும்போது ஓர் எடை.
கழித்தால்தான் சுமை எவ்வளவு என்று தெரியும்.
"உங்க இது தினம் என்ன கேக்குது?
ஏத்திகிட்டு வந்த எடைய மட்டும்.
வெறும் வண்டி எவ்ளோன்னு அதுக்குத் தெரியுமா?
எனக்கே தெரியாது லா.
கொட்டிட்டு வெளிய வந்ததே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.
ஐந்திலும் இல்லை அந்தச் சிரிப்பு, பத்திலும் இல்லை.
எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார்.

அன்றிரவு முகங்களை எல்லாம் அழித்தேன்.
இரண்டே கட்டம்.
அறைக்குள் போகும்முன்.
வெளியே வந்தபின்.
எண் போடலாம், சொல் போடலாம்,
ஒன்றும் போடாமல் மூடிவிடலாம்.
ரொஸ்னானிக்கு மேலிடத்தில் காட்ட
ஏறும் கோடு ஒன்று வேண்டும்.
கோடு இருக்கும் என்றேன்.
ஏறும் என்று சொல்லவில்லை.

வெளியிடுவதற்கு முன்
மாதிரித் தரவை அழிக்க வேண்டும். அது விதி.
'சோதனைப் பயனர் 1',
ஏப்ரலிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பதிவு.
விடியற்காலை இரண்டு இருபது. மூன்று ஐந்து.
மறுபடி இரண்டு நாற்பது.
சும்மா போட்ட எண்கள் என்று
குழுவில் சொல்லியிருந்தேன்.
சும்மா எண் போட
அந்த நேரத்தில் யார் விழித்திருப்பார்கள்?

அழிக்கவா என்று கேட்டது.
ஆம், இல்லை. இரண்டும் ஒரே அளவுப் பொத்தான்,
நான் வரைந்ததுதான்.

கீழே ஷட்டர் ஏறும் சத்தம்.
மில்லுக்குப் போகும் முதல் லாரி
வளைவில் ஒரு குலையைச் சிந்திவிட்டு
நிற்காமல் போனது.

அடுத்த புதன் நானும் ஓர் எண் எடுத்தேன்.
எதிர் வரிசையில் பூபாலன்.
ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை,
தலையை மட்டும் அசைத்தார்.
இரண்டு பேரும் குனிந்து
அவரவர் கைப்பேசியில்
மேகத்தைத் தொட்டோம்.
வெளியே நல்ல வெயில்.